கிண்ணத்துப் பதம்

பதம் டீச்சரைக் கவனக்குறைவானவள் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். கமிட்டியில் யார் எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். பதினேழு வருடம் அவள் பக்கத்தில் நின்றவள் நான். அவளைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. பிடிவாதக்காரி. சொன்ன பேச்சு கேட்க மாட்டாள். பசி வந்துவிட்டால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுத ஒரு தைரியம் வேண்டும். அன்று நடந்த தப்பில் பாதி என்னுடையது. அதை யாரும் எழுதவில்லை.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள், 'மேடம்' என்றேன். "மேடம் கீழ இருக்காங்க, பல்லு புடுங்கறாங்க. நான் அக்கா" என்றாள். அவள் என்னை 'டி' போட்டுத்தான் பேசுவாள். அப்படியே ஒட்டிக்கொண்டோம்.

கீழே பல் மருத்துவமனை, முதல் மாடியில் எங்கள் பயிற்சி அறை. நீள மேசை, பன்னிரண்டு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு பிளாஸ்டர் தாடை. அந்தத் தாடைகளை வார்ப்பது என் வேலை. பாடம் நடத்துவது அக்காவின் வேலை. படிக்க வருகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. பல் செய்யும் பட்டறைகளில் பத்து வருடம் குப்பை கொட்டிய டெக்னீஷியன்கள். சிலருக்கு அக்காவைவிட வயது அதிகம். நிரந்தரப் பல் செய்யத் தெரியும், தற்காலிகப் பல் செய்யத் தெரியாது. டாக்டர் ஒரு பல்லைச் சுற்றிச் செதுக்கிவிட்டால், அதன்மேல் போடும் உறை வந்துசேர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்த மொட்டைப் பல் வெறுமனே நிற்க முடியாது. காற்றுப் பட்டாலே உயிர் போகும். அதை மூடி வைக்கத்தான் இந்தத் தற்காலிகப் பல். இரண்டு வாரத்துக்குத்தானே என்று அலட்சியமாகச் செய்கிறவனை அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அவள் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. பொடியையும் திரவத்தையும் ஒரு சின்ன ரப்பர் கிண்ணத்தில் கலப்பாள். கொஞ்சத்தைப் பல்லின் வடிவத்தில் எடுத்த அச்சில் ஊற்றி, அந்த அச்சைச் செதுக்கிய பல்லின்மேல் அழுத்தி உட்காரவைப்பாள். மீதி கிண்ணத்திலேயே இருக்கும்.

"அச்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால கிண்ணத்தைக் கேளுங்க. இதுல என்ன பதமோ, அதுலயும் அதே பதம்" என்பாள்.

முதலில் கூழ். பிறகு தொட்டு இழுத்தால் நூல் நூலாக வரும். பிறகு ரப்பர். பிறகு கல். அந்த ரப்பர் பதத்தில் கழற்றிவிட வேண்டும். முந்தினால் பல் இழுபட்டுக் கோணலாகும். பிந்தினால் பக்கத்துப் பற்களின் இடுக்கில் போய்ப் பூட்டிக்கொள்ளும், அசையாது. இறுகும்போது சூடும் ஏறும். கடிகாரம் பார்க்கலாமே என்று யாராவது ஒரு புத்திசாலி கேட்பான். "கடிகாரத்துக்கு விரல் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். பொடி டப்பாவோடு மடித்து வைத்த ஒரு காகிதம் வரும். ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் அதை எல்லார் முன்னாலும் கசக்கிக் கூடையில் போடுவாள். "இதைப் படிச்சே பல்லு செஞ்சிடலாம்னா நீங்க ஏன் இங்க வந்தீங்க?" வகுப்பே சிரிக்கும். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். பதம் பதம் என்று வாய்க்கு வாய் சொல்வதால், அவள் முதுகுக்குப் பின்னால் பதம் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் திரவம் பொல்லாதது. மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைக்கும். கையுறை போட்டாலும் ஊடுருவிப் போய்விடும். அக்கா கையுறையே போட மாட்டாள். விரல் நுனியைத் திரவத்தில் தொட்டு, இறுகாத பல்லின் ஓரத்தை மழமழவென்று தடவிவிடுவாள். முதலில் தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. ஒரு நாள் ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கியிருந்த மெழுகுக் கத்தியைத் தப்பான முனையில் பிடித்துக்கொண்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். தோல் கருகும் வாடை எனக்கு வந்தது, அவளுக்கு வலி வரவில்லை. கத்தியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் தன் விரலையே யாருடையதோ போலப் பார்த்தாள்.

தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "நுனி நரம்பு செத்துப் போயிருக்கு. இந்தத் திரவத்தை விட்டுடுங்க. இல்லன்னா மீதியும் போயிடும்" என்றார். மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வெளிய தெரிஞ்சா ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவாங்கடி. டப்பா எண்ணிட்டு உக்காரணும்."

"எண்ணினா என்ன? கையாவது மிஞ்சும்."

"அந்த ரூம் இல்லன்னா நான் யாருடி? வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்கவா?"

பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அந்த மேசையின் முனையில் நிற்கும்போது மட்டும்தான் அக்காவின் முதுகு நிமிர்ந்திருக்கும். எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த யோசனையை நானே சொன்னேன். சொன்ன வாயில் அடிக்க வேண்டும்.

யோசனை இதுதான். அக்கா கலந்து ஊற்றுவாள். மீதிக் கிண்ணத்தை உதவிக்கு வைத்துக்கொள்வதுபோல நான் வாங்கிக்கொள்வேன். என் விரலால் கிள்ளிப் பார்ப்பேன். ரப்பர் பதம் வந்ததும், "தண்ணி வேணுமாக்கா?" என்பேன். அவள் கழற்றிவிடுவாள். இரண்டு வருடம் இப்படியே ஓட்டினோம். ஒரு பல்கூடத் தப்பாகவில்லை. ஒரு முறை படிக்க வந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "டீச்சருக்குச் சர்க்கரை இருக்கா? இப்படி தாகம் எடுக்குதே" என்று அக்கறையாகக் கேட்டார். அன்று நாங்கள் இருவரும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

அப்புறம் புதிதாகப் பெரிய டாக்டர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்த மாட்டார், எல்லாரையும் உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல். திட்டுகிறவரிடம் திருப்பித் திட்டலாம், இவரிடம் என்ன செய்வது?

"பிளாஸ்டர்ல எத்தனை நாளைக்குங்க? இனிமே டெக்னீஷியன் எல்லாரும் கீழ வந்து, பேஷண்ட் சேர் பக்கத்துலயே செய்யணும். சொல்லிக்கொடுக்கறவங்க மொதல்ல நிஜ வாயில ஒண்ணு செஞ்சு காட்டிடுங்க. ஆஸ்பத்திரி கமிட்டி பாக்கட்டும். நல்லா வந்தா அடுத்த பேட்ச்சும் உங்களோடதுதான்" என்றார்.

வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கையைப் பற்றி அவரிடம் சொல்லிவிடலாம் என்று நான் மன்றாடினேன். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு தடவைடி. நீ பக்கத்துல நிக்கப்போற. அவ்வளவுதானே?" ஒரு வாரம் பிளாஸ்டர் தாடையில் பழகினோம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று செய்தோம். எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தன. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

யார் வாயில் செய்வது என்ற கேள்வி வந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் தானே வந்து மாட்டிக்கொண்டார். மேல் வரிசையில் முன்பல்லுக்கு அடுத்த பல் அவருக்கு வெகுநாளாக விண்டிருந்தது. நான் அவரை மாமா என்பேன். காலையில் நாற்காலியில் ஏறிப் படுத்ததும் அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து வாயை மூடு, வாயை மூடுன்னு சொன்னவ. இன்னைக்குத்தான் திறங்கன்னு கேக்கறா." கமிட்டிக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதடு வெளுத்திருந்தது.

பெரிய டாக்டர் ஊசி போட்டு, ஈறு மரத்ததும் பல்லைச் செதுக்கிக் கொடுத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எட்டு வருடத்துக்கு முன் எங்களிடம் படித்துவிட்டு அந்த மருத்துவமனையிலேயே சேர்ந்தவள். கண்ணாடிக்காரி என்போம். அறையில் ஏசி ஓடியது. கை சில்லென்று இருந்தது. அக்கா கலந்தாள், அச்சில் ஊற்றினாள், மாமா வாயில் உட்காரவைத்தாள். கிண்ணம் என் கைக்கு வந்தது.

கூழ். கொஞ்ச நேரம் கழித்து நூல். அக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். இன்னும் இல்லை என்று இமையைத் தாழ்த்தினேன். கிள்ளினேன். இன்னும் நூல்தான். கண்ணாடிக்காரி அக்காவைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழாய் பிடித்த கை இலேசாக முன்னால் வந்து பின்வாங்கியது. இவளுக்கு என்ன அவசரம் என்று முறைத்தேன். மறுபடி கிள்ளினேன். இப்போது சுருங்கி விரிந்தது. அச்சு அசலாக ரப்பர்.

"தண்ணி வேணுமாக்கா?"

"இப்பவா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்தார்.

அக்கா அச்சைப் பிடித்து இழுத்தாள். அச்சு வந்தது, பல் வரவில்லை. இடுக்கியால் பற்றி இழுத்தாள். வரவில்லை. அழுத்தி இழுத்தபோது மாமாவின் தலையே தலையணையிலிருந்து எழுந்து வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று நினைத்து, அக்காவுக்குத் தைரியம் சொல்வதுபோல அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க, நான் பாக்கறேன்" என்று பெரிய டாக்டர் விரலை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். "சூடா இருக்கு. தண்ணி அடிங்க, சீக்கிரம்."

துண்டு துண்டாக அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். அது அப்போதுதான் கல்லாகிக்கொண்டிருந்தது.

டாக்டர் கையைக் கழுவிவிட்டு, டப்பாவிலிருந்த அந்த மடித்த காகிதத்தை விரித்து அக்காவிடம் நீட்டினார். இரண்டு கட்டம் போட்டிருந்தது. மேசைமேல் இத்தனை நிமிடம். வாய்க்குள் இத்தனை நிமிடம். வாய்க்குள் என்ற கட்டத்தில் பாதிகூட இல்லை. வாய்க்குள் எப்போதும் சூடு, சீக்கிரம் இறுகிவிடும். அவ்வளவுதான் விஷயம். உயிருள்ள ஒரு வாய்க்குள் அக்கா அதற்குமுன் கை வைத்ததே இல்லை. நானும் இல்லை. பதினேழு வருடமும் எங்கள் தாடைகள் எல்லாம் மேசையைப்போலவே குளிர்ந்து கிடந்தவை. அவள் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரியை மாடிப்படியில் மடக்கினேன்.

"உனக்குத் தெரியும்ல? கை நீட்டினியே. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"தெரியும்க்கா. வாய்ல சீக்கிரம் இறுகும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். கிண்ணத்தை யாரும் பாக்கறதே இல்ல" என்றாள். அவள் கண்ணாடி கலங்கியிருந்தது. "ஆனா டீச்சருக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? அவங்க டீச்சர். வேற ஏதோ முறை வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். அவள் மேசையின் முனையில் நின்று பன்னிரண்டு விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இரண்டாம் வாரம் மாமாவின் கன்னம் வீங்கியது. சூட்டில் பல்லின் நரம்பு வெந்து செத்துப் போயிருந்தது. மரத்துப் போன வாய் என்பதால் அன்று அவருக்கு வலி தெரியவில்லை. பல்லை எடுத்துவிட்டார்கள். "ஒரு பல்லுதானே? இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு, பழகிக்க" என்று அக்காவிடம் சொன்னாராம். அவள் அழுதாளாம். கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவை அவள் அழுது பார்த்தேன் என்று மாமா என்னிடம் சொன்னார்.

கவனக்குறைவு என்று கமிட்டியின் கடிதம் வந்தது. அக்கா கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம், "என் கணக்கு தப்பிடுச்சு" என்ற ஒரே பதில். ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். அடுத்த ஏற்பாடு ஆகும்வரை வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த அறை பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்கு வரச் சொன்னாள். கட்டிலில் பழைய வருகைப் பதிவேடுகள் பரப்பிக் கிடந்தன. பதினேழு வருடத்து ஆட்கள், பெயருக்கு எதிரே போன் நம்பர்.

"எல்லார்கிட்டயும் சொல்லணும்டி. கிண்ணத்தை நம்பிக்கிட்டு எத்தனை பேரு எத்தனை வாயில கை வெச்சிட்டிருக்காங்களோ. எனக்குத் தூக்கமே வரல. இன்னொருத்தர் பல்லு வேகக் கூடாது. என் விரலுக்கு இந்த போன் அசைய மாட்டேங்குது. நீ போட்டுக்கொடு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வேகம் இருந்தது. டீச்சர் வேகம். ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்தேன்.

முதல் ஆள் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். நலம் விசாரித்தார். அக்கா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"ஆமா டீச்சர். வேலைக்குப் போன மொத வாரமே ஒண்ணு மாட்டிக்கிச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரியுமா? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா டீச்சர்?"

இரண்டாவது ஆள், "அதெல்லாம் கிளாஸுக்கு டீச்சர், வேலை வேற" என்றார். மூன்றாவது ஆள் அக்கா பேசி முடிக்கும் முன்பே தெரியும் என்றார். அக்கா ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பேனாவை வைத்து ஒரு குறி போட்டாள். பேனா விரலில் நிற்காமல் வழுக்கியது. போதும் என்று கெஞ்சினேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றாள். ஏழாவதாக ஒருத்தி எடுத்தாள், வகுப்பிலேயே கை நேர்த்தியானவள், அக்காவுக்குச் செல்லம். அவள் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"பழைய பேட்ச்சுல யாரைப் பாத்தாலும் கிண்ணத்தைக் கேட்டியான்னு கேட்டுச் சிரிச்சுக்குவோம் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எங்களுக்கு அவ்வளவு பிரியம்."

"சரிம்மா. நல்லா இரு" என்றாள் அக்கா. போனை வைக்கும்படி எனக்குச் சைகை காட்டினாள்.

பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"நீ ஏன் போதும் போதும்ன? உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நினைத்தேன். "கண்ணாடிக்காரி சொன்னா."

"எப்ப?"

"அன்னைக்கே."

"சரி" என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டு ஒரு அறை விட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்புக்குப் பொடி தேவைப்பட்டது. ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அக்கா சின்ன மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. என்ன வேண்டும் என்று சொன்னேன். எழுந்து போய் டப்பாவை எடுத்துவந்து வைத்தாள். பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள்.

"இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள்.